பால் கணக்கு போல மின் கணக்கும் வேண்டும்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் விவசாயக் குடும்பத்தின் வருமானம் ஒரே வழியில் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மானாவாரியில் சோளம், மக்காச்சோளம், பருத்தி, பயறு வகைகள் விதைக்கப்படுகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் சிறிது காய்கறி எடுக்கிறார்கள். கறவை மாடு ஒன்றிரண்டு இருக்கும். வீட்டில் ஒருவரோ இருவரோ பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைகளுக்குச் சென்று வாரக் கூலி கொண்டு வருகிறார்கள்.

இவற்றில் எது தடைப்பட்டாலும் குடும்பம் தள்ளாடும். பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இவ்வட்டாரத்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களிலும் மின் கட்டணம் தவறாமல் வந்தது. மழை பொய்த்தாலும், மாடு வற்றினாலும், ஆலை மூடினாலும் நிற்காத செலவு இது. எனவே, இச்செலவைக் கட்டுக்குள் வைப்பது சிறு விவசாயிக்கு மிகவும் அவசியமாகும்.

பால் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றும் பாலுக்கு அட்டையில் கணக்கு உண்டு. மளிகைக் கடைக்குச் சிட்டை உண்டு. ஆனால், திண்ணைச் சுவரில் இருக்கும் மின் மீட்டரை ரீடிங் எடுப்பவர் வரும் அன்றுதான் வீட்டார் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அப்போது தெரிவது செலவழிந்து போன கணக்கு. முன்னதாகத் தெரிந்து கொண்டால்தான் குறைக்க முடியும். அதற்கான எளிய வழிகளைக் காண்போம்.

யூனிட் என்பது என்ன?

1,000 வாட் திறன் கொண்ட ஒரு கருவி 1 மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே 1 யூனிட். ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணிக்கணக்கால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்து விடும். வாட் அளவு கருவியின் மேல் ஒட்டிய தகட்டிலோ, பல்பின் கழுத்திலோ அச்சிடப்பட்டிருக்கும்.

60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 17 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரிந்தால்தான் 1 யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி 13 மணி நேரத்தில் 1 யூனிட்டை எடுத்து விடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கும், தண்ணீர் சுட வைக்கும் கம்பி ஹீட்டருக்கும் 1 மணி நேரம் போதும்.

படி ஏறினால் விலையும் ஏறும்

மின் கட்டணம் ஒரே விலையில் கணக்கிடப்படுவதில்லை. படிக்கட்டு போல, செலவு கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடுகிறது. தமிழகத்தில் 2016ஆம் ஆண்டு மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு; 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு; 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

செலவு 500ஐத் தாண்டி விட்டால் கணக்கே மாறியது. 101 முதல் 400 வரை அனைத்து யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய். இதன் விளைவைப் பாருங்கள். சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

மின் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் நடத்திய போராட்டத்தில், 1970ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் உயிரிழந்தனர். அன்று பம்பு செட்டு வைத்திருந்த விவசாயி பைசாக் கணக்குப் பார்த்தார். பின்னர் 1984ஆம் ஆண்டு சிறு விவசாயிகளுக்கும், 1990ஆம் ஆண்டு எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. கிணற்று மோட்டாருக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் விட்டுப் போனது. அந்தப் பழக்கத்தோடு வீட்டு மீட்டரையும் விட்டு விட்டால், ஒரு யூனிட்டில் 233 ரூபாய் போவது கண்ணுக்கே தெரியாது.

2024ஆம் ஆண்டு ஜூலையில் மேற்கண்ட விகிதங்கள் சற்று உயர்த்தப்பட்டன. கட்டணம் அவ்வப்போது மாறக் கூடியது. எனவே, நடப்பில் உள்ள விகிதத்தையும், எந்தெந்த அளவில் படி மாறுகிறது என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

நோட்டு எழுதும் முறை

பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். மூன்று கட்டங்கள் போட்டு, தேதி, மீட்டர் எண், ஆன யூனிட் என எழுத வேண்டும். ரீடிங் எடுத்த நாளன்று உள்ள எண் முதல் வரி. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்து எழுதி, முந்தைய வார எண்ணைக் கழிக்க வேண்டும். இலக்க மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். தேதி, வோல்ட் போன்றவையும் வரும். யூனிட்டைக் குறிக்கும் எண் எது என்பதை ரீடிங் எடுக்க வருபவரிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்து கொள்வது நலம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

இரண்டு மாதம் என்பதை 60 நாளாகக் கொண்டால், 500 யூனிட்டுக்குள் நிற்க வாரத்துக்கு 58 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. 400க்குள் நிற்க 46. 200க்குள் நிற்க 23. இதுவே வீட்டின் வார அளவு.

ஒரு வீட்டில் முதல் 4 வாரத்தில் 244 யூனிட் ஆகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு 8.7 யூனிட் வீதம் போகிறது. இப்படியே போனால் 60 நாளில் 522 ஆகும். மீதமுள்ள 32 நாளும் நாளுக்கு 8 யூனிட்டுக்குள் நிறுத்தினால் 500க்குள் முடிக்கலாம். குறைக்க வேண்டியது நாளுக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இது 4ஆம் வாரத்தில் தெரிந்தால் செய்யலாம். 60ஆம் நாளில் தெரிந்து பயனில்லை.

ரீடிங் எடுக்கும் தேதியையும் கவனிக்க வேண்டும். நாள் தள்ளிப் போனால் யூனிட் கூடி அடுத்த படியில் ஏற வாய்ப்பு உண்டு. சொந்த நோட்டில் தேதிவாரியாக எண்கள் இருந்தால், அலுவலகத்தில் சென்று விவரம் கேட்க அதுவே ஆதாரமாக உதவும்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னினால் 1 யூனிட் என்பது அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் இது 3,200 ஆகும். இதை வைத்துக் கருவிகளைச் சோதிக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தி விட்டு, சோதிக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஓட விட வேண்டும். 1 நிமிடத்தில் 16 முறை மின்னினால் 1 மணியில் 960 முறை. 3,200 ஆல் வகுத்தால் மணிக்கு 0.3 யூனிட். அதாவது அக்கருவி 300 வாட் இழுக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டில் உள்ள எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகு விளக்கு மின்னக் கூடாது. தொடர்ந்து மின்னினால் எங்கோ மின் கசிவு இருக்கலாம். பழைய ஒயர், ஈரச் சுவர், மாட்டுக் கொட்டகைக்குப் போகும் இழுப்பு ஒயர் ஆகியவை பெரும்பாலும் காரணமாக இருக்கும். இது பணத்தோடு உயிரையும் வாங்கும். தாமே பிரித்துப் பார்க்காமல், உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்துச் சரி செய்து, கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவியையும் பொருத்திக் கொள்ள வேண்டும்.

எந்தச் செலவை முதலில் குறைப்பது?

கோடையில் 5 பேர் உள்ள ஒரு விவசாய வீட்டின் ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம்.

75 வாட் மின்விசிறி 4, தலா 14 மணி நேரம்: 4.2 யூனிட்
பழைய குளிர்சாதனப் பெட்டி: 1.5 யூனிட்
அரை குதிரைத் திறன் தண்ணீர் மோட்டார் 1½ மணி நேரம்: 0.75 யூனிட்
மாட்டுக் கொட்டகையில் 60 வாட் குண்டு பல்பு, இரவு 11 மணி நேரம்: 0.66 யூனிட்
சோக்குடன் கூடிய பழைய குழல் விளக்கு 2, தலா 5 மணி நேரம்: 0.52 யூனிட்
தொலைக்காட்சி: 0.5 யூனிட்
கிரைண்டர், மிக்சி, இஸ்திரி: 0.4 யூனிட்

மொத்தம் நாளுக்கு 8.53 யூனிட். 60 நாளுக்கு 512 யூனிட். 2022ஆம் ஆண்டு விகிதப்படி கட்டணம் 2,046 ரூபாய்.

இந்த வீட்டில் கொட்டகைப் பல்பை மட்டும் 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 60 நாளில் 34 யூனிட் மிச்சம். செலவு 478 யூனிட்டாக இறங்கும். கட்டணம் 1,593 ரூபாய். ஒரே ஒரு பல்பில் 453 ரூபாய் மிச்சமாகிறது! பல்பு சிறியதுதான். ஆனால், அது வீட்டை ஒரு படி கீழே இறக்கி விட்டது. எந்தப் படியின் விளிம்பில் வீடு நிற்கிறது என்பதை அறிந்து செலவு செய்தால், சிறு மாற்றமும் பெரும் பலன் தரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அடுத்து மின்விசிறி. வீட்டுச் செலவில் பாதி இங்கேதான் போகிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புது வகை மின்விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவே எடுக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால், நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் விசிறியில் 60 நாளுக்கு ஏறத்தாழ 38 யூனிட் மிச்சமாகிறது. நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. மிக அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றி, அதில் மிச்சமாகும் தொகையைச் சேர்த்து அடுத்ததை வாங்கலாம். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நட்சத்திரம் கூடுதலாக உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இறக்கையில் படியும் தூசியை மாதம் ஒரு முறை துடைப்பதும், ஆள் இல்லாத அறையில் விசிறியை நிறுத்துவதும் செலவில்லாத வழிகள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இவ்வட்டார மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் வேலை பகல் வெளிச்சத்தில்தான் நடக்கிறது. வீட்டிலும் சமையற்கட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் விளக்கு தேவைப்படாது. பழைய குழல் விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு அந்த வேலையைச் செய்யும்.

குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது அதில் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதில் இருக்கும். 6 ஆல் வகுத்தால் இரண்டு மாதச் செலவு தெரியும். ஆண்டுக்கு 240 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். இருக்கும் பெட்டியைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் எளிதில் வரக் கூடாது; வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சூடான குழம்பை ஆற விட்டே உள்ளே வைக்க வேண்டும்.

தண்ணீர் மோட்டாரில் விவசாயிக்குத் தெரிந்த அறிவே போதுமானது. ஃபுட் வால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி ஏற்ற வேண்டும். நேரமும் மின்சாரமும் வீண். குறுகிய குழாயும், தேவையற்ற வளைவுகளும் மோட்டாரை அதிக நேரம் ஓட வைக்கும். தொட்டி நிரம்பி வழிவது தண்ணீரோடு பணமும் வழிவதாகும். மேற்சொன்ன வீட்டில் வால்வைச் சரி செய்து மோட்டாரை 1 மணி நேரமாகக் குறைத்தால் 60 நாளில் 15 யூனிட் மிச்சம்.

பல்பு, குழல் விளக்கு, 4 விசிறி, வால்வு ஆகிய அனைத்தையும் சரி செய்து முடித்தால் அவ்வீட்டின் செலவு 512 யூனிட்டிலிருந்து 293 யூனிட்டாகக் குறையும். கட்டணம் 2,046 ரூபாயிலிருந்து 643 ரூபாய் 50 காசாக இறங்கும். இரண்டு மாதத்தில் 1,400 ரூபாய் மிச்சம் என்பது சிறு விவசாயிக்குச் சிறிய தொகை அல்ல.

செய்யக் கூடாதவை

பாசனத்துக்கான இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது மின்சாரச் சட்டம் 2003இன்படி முறைகேடான பயன்பாடாகும். கண்டறியப்பட்டால் இரு மடங்கு விகிதத்தில் கட்டணம் விதிக்கப்படும். கட்டணத்தைக் குறைக்கப் போய் கடன்பட நேரிடும். மீட்டரைத் தடுப்பது, கொக்கி போடுவது ஆகியவை குற்றமாகும்.

வீட்டில் பட்டாசுக்கான வேலை செய்வதும் மருந்துப் பொருள் வைப்பதும் சட்டத்துக்குப் புறம்பானது. ஓர் ஒயர்ப் பொறி போதும், குடும்பமே அழிய. தீப்பெட்டி, காகிதக் கட்டு போன்றவற்றையும் மீட்டர் அருகிலோ ஸ்விட்சு போர்டின் கீழோ அடுக்கி வைக்கக் கூடாது.

சாண எரிவாயுவும் சூரிய மின்சாரமும்

வீட்டின் எரிசக்திச் செலவு மின்சாரத்தோடு முடிவதில்லை. சமையல் எரிவாயு உருளையும் உண்டு. 2 அல்லது 3 மாடுகள் உள்ளவர்கள் 1 கன மீட்டர் அளவுள்ள சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். இதற்கு நாளுக்கு 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவை. 1 கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 430 கிராம் உருளை எரிவாயுவுக்குச் சமம். கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் நல்ல எரு. மானாவாரி நிலத்துக்கு இது மிகவும் உகந்தது. பருப்பை ஊற வைத்துக் குக்கரில் வேக வைப்பதும் எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

வெயிலுக்குக் குறைவில்லாத வட்டாரம் இது. 1 கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதிகளை மின்வாரிய அலுவலகத்தில் உறுதி செய்து கொள்ள வேண்டும். ஆனால், ஓட்டை வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலுக்குப் போய்ச் சேராது. முதலில் வீட்டின் வீண் செலவைக் குறைத்து, ஆறு மாத நோட்டைப் பார்த்து, மீதித் தேவைக்கு ஏற்ற அளவில் தகடு வாங்குவதே சிக்கனம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கித் தகடு போட வேண்டிய அவசரம் இல்லை.

கணக்குப் பார்த்து முன்னேறிய ஊராட்சி

கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி இதற்கு நல்ல சான்று. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆன மின் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் கவனித்த அவ்வூராட்சி, அதைக் குறைக்க வழி தேடியது. மரக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தது. பின்னர் 2006ஆம் ஆண்டு, சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தேவை போக மீந்த மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. கட்டணம் செலுத்தி வந்த ஊராட்சி, மின்சாரம் விற்கும் ஊராட்சியானது. இவ்வளவுக்கும் தொடக்கம், ஏறிக்கொண்டே போன கட்டணத்தைக் கணக்குப் பார்த்ததுதான்.

வீட்டுக்குக் காற்றாலை தேவையில்லை. ஒரு நோட்டும், ஒரு பென்சிலும், வாரம் ஐந்து நிமிடமும் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, பால் ஊற்றி விட்டு வந்ததும் மீட்டர் எண்ணை முதல் வரியில் எழுதி விடலாம். மாட்டுக் கொட்டகையில் இன்னும் குண்டு பல்பு எரிகிறதா என்பதையும் அன்றே பார்த்து விடுவது நலம். கணக்கு வைத்துச் செலவு செய்யும் குடும்பம் வேலையில்லாத மாதத்தையும் கடன் இன்றிக் கடக்கும்.